ஒளியை முந்தும் வழிகளும் விண்கல மின் பரிமாற்றமும்

ஒளியை முந்தும் வழி என்பது, ஒரு விண்மீனிலிருந்து இன்னொரு விண்மீனுக்குச் சில நாட்களிலோ சில மணிகளிலோ சென்றுசேர்வதற்காக அறிபுனைக் கதைகளில் அமைக்கப்படும் கற்பனைப் பாதையாகும். அத்தகைய பாதைகளின் முனைகளில் கதாசிரியர்கள் விண்நிலையங்களை வைத்தனர். சூரிய ஆற்றலைத் திரட்டி ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கோ ஒரு கோளுக்கோ கதிராக அனுப்புவதும் அந்தக் கதைகளின் வழக்கமாயிற்று. இவ்விரு கற்பனைகளும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க மலிவு விலை இதழ்களில் வளர்ந்தவை. இயற்பியலில் இவை வெவ்வேறு திசைகளில் சென்றன. ஒளியை முந்த முடியுமா என்பதை முறையான அறிவியல் கேள்வியாக எழுப்பியவர்களுள் முதன்மையானவர் இ. சி. ஜி. சுதர்சன். இவர் தாம்பரத்தில் படித்தவர். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவருடைய கேள்வி இன்றும் தாளில்தான் இருக்கிறது. விண்ணில் மின்சாரம் கொடுத்து வாங்குவதோ, கதைகளில் சொன்ன உருவத்தில் அல்லாமல் மிக எளிய உருவத்தில், 2025 ஏப்ரலில் இரண்டு இந்தியச் செயற்கைக்கோள்களுக்கு இடையே நான்கு நிமிடம் நடந்தது.

கதைகளில் வழி

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது அந்த விண்மீனை நோக்கிச் செல்லவில்லை. சென்றாலும் அவ்வளவு தொலைவைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். ஒரே தலைமுறைக்குள் கதை முடிய வேண்டுமானால் ஆசிரியர் ஏதாவது தந்திரம் செய்தாக வேண்டும்.

1928இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் தொடராக வந்த ஈ. ஈ. ஸ்மித்தின் 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' ஒளிவேக எல்லையைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றது. அடுத்து வந்தவர்களுக்கு அது போதவில்லை. ஜான் டபிள்யூ. கேம்பல் 1931இல் வெளியான கதையில் வெளியையே வளைத்துக் கப்பலை ஓட்டினார். ஐசக் அசிமோவின் 'பவுண்டேஷன்' வரிசையில் கப்பல்கள் நமது வெளியை விட்டு வேறொரு வெளிக்குள் 'தாவி' மறுபுறம் வெளிப்படுகின்றன. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்', 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்', 1990களில் ஒளிபரப்பான 'பாபிலோன் 5' ஆகியவற்றில் பெயர்கள் மாறின, தந்திரம் மாறவில்லை. எல்லையைப் புறக்கணிப்பது, வெளியை விட்டு வெளியேறுவது, வெளியை வளைப்பது என்ற மூன்றுக்குள் ஏறத்தாழ எல்லாக் கதைகளும் அடங்கிவிடும்.

தமிழில் 'மனோவேகம்' என்ற சொல் பழையது. பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன் தன் மகள் ரேவதிக்கு மணமகன் கேட்கப் பிரம்மலோகம் செல்கிறான். அங்கே சிறிது நேரம் காத்திருந்து திரும்புவதற்குள் பூமியில் பல யுகங்கள் கழிந்துவிடுகின்றன. இக்கதையைச் சார்பியலின் முன்னறிவிப்பாகக் காட்டுவோர் உண்டு. அதில் வேகம் பற்றியோ ஆற்றல் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதால் அந்த உரிமைகோரலுக்கு அடிப்படை இல்லை. இடத்திற்கு இடம் காலம் வேறுபட்டு ஓடலாம் என்று கற்பனை செய்ததே அக்கதையின் அழகு.

1963இல் வெளியான 'கலையரசி' திரைப்படத்தில் வேற்றுக்கோளினர் பூமிக்கு வந்து பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தங்கள் கோளுக்குக் கொண்டுசெல்கின்றனர். எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில் தொலைவு ஒரு சிக்கலே அல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய புதினங்கள் எதிர்கால இந்தியாவையும் ஓர் இயந்திர நாயையும் களமாகக் கொண்டன. விண்மீன்களுக்கு இடையே பாதை போடவில்லை. 2018இல் வந்த 'டிக் டிக் டிக்' படத்தின் விண்நிலையம் பூமியைச் சுற்றும் நிலையமே. தமிழ் அறிபுனை பொதுவாக வீட்டருகே நடப்பதையே விரும்பியிருக்கிறது.

தடையின் தன்மை

ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சிறப்புச் சார்பியல் கோட்பாடு ஒளிவேகத்தை ஒரு போக்குவரத்து விதியைப் போலத் தடை செய்யவில்லை. அது சொல்வது ஆற்றல் கணக்கு. நிறையுள்ள ஒரு பொருளை முடுக்க முடுக்க, அடுத்த சிறு வேகக் கூடுதலுக்குத் தேவைப்படும் ஆற்றல் பெருகிக்கொண்டே போகிறது. ஒளிவேகத்தை எட்ட முடிவிலா ஆற்றல் வேண்டும். செர்ன் ஆய்வகத்தின் பெரிய முடுக்கியில் புரோட்டான்களுக்கு எவ்வளவு ஆற்றல் ஊட்டினாலும் அவை ஒளியை நெருங்குகின்றனவே தவிர எட்டுவதில்லை. எனவே வழி, ஆற்றல் என்று கதைகள் தனித்தனியாக வைத்த இரண்டும் இயற்பியலில் ஒரே கேள்வி.

சுதர்சனும் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையும்

எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன் 1931இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்தார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிய பின் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு ராபர்ட் மார்ஷாக்குடன் இணைந்து மென்விசை பற்றிய கோட்பாட்டை உருவாக்கினார்.

1962இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் ஓ. எம். பி. பிலானியுக், வி. கே. தேஷ்பாண்டே ஆகியோருடன் சுதர்சன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பு 'மெட்டா ரிலேட்டிவிட்டி'. அக்கட்டுரை ஐன்ஸ்டைனை மறுக்கவில்லை. பல இடங்களில் இன்றும் அப்படி எழுதப்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மூவரும் எடுத்துக்கொண்டது சார்பியலின் அதே சமன்பாடுகளைத்தான். மெதுவாகச் செல்லும் பொருள் ஒளிவேகத்தைத் தாண்ட முடியாது என்பது சரி; ஆனால் பிறக்கும்போதே ஒளியை விட வேகமாகச் செல்லும் துகள் இருக்கக் கூடாது என்று அச்சமன்பாடுகளில் எங்கே இருக்கிறது என்பதே அவர்களின் கேள்வி. ஒளித்துகளும் அப்படித்தான். அது பூஜ்ஜியத்திலிருந்து வேகம் பிடித்து ஒளிவேகத்தை அடைவதில்லை. பிறக்கும்போதே அந்த வேகத்தில் இருக்கிறது.

இதை விளக்கச் சுதர்சன் காட்டிய உவமை பரவலாக அறியப்பட்டது. இமயமலையை எவராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே அதற்கு வடக்கே மக்களே இல்லை என்று இந்திய மக்கள்தொகையை ஆராயும் ஒருவர் முடிவு செய்தால் எப்படி இருக்கும்? நடு ஆசிய மக்கள் அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்கிறார்கள். இந்தியாவில் பிறந்து மலையேறி அங்கே போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

மலைக்கு அப்பால் கணக்கு தலைகீழாகிறது. இத்துகளின் நிறை கணிதத்தில் கற்பனை எண்ணாக வரும். அது ஒருபோதும் ஓய்வில் இராது என்பதால் அந்த நிறையை அளக்க வேண்டிய நிலையும் வராது. ஆற்றலை இழக்க இழக்க அதன் வேகம் கூடும். ஆற்றல் முழுவதையும் இழந்தால் வேகம் முடிவிலியாகும். நமக்கு வேகம் பிடிக்கத்தான் செலவு. அதற்கோ வேகத்தைக் குறைக்கத்தான் செலவு. ஒளிவேகத்திற்கு இறங்கிவர அதற்கும் முடிவிலா ஆற்றல் தேவை. ஒளிவேகம் என்ற சுவர் இரு பக்கத்திலிருந்தும் அதே உயரம்தான்.

இதில் கடினமான சிக்கல் காலம் பற்றியது. ஒளியை முந்தும் துகளை வெவ்வேறு வேகத்தில் செல்லும் இருவர் பார்த்தால், ஒருவருக்கு அது புறப்பட்ட பின் சேர்வதாகவும் மற்றவருக்குச் சேர்ந்த பின் புறப்பட்டதாகவும் தோன்றலாம். விளைவு காரணத்திற்கு முன் வந்துவிடும். இதற்கு மூவரும் தந்த விடை: காலத்தில் பின்னோக்கிச் செல்லும் எதிர்மறை ஆற்றல் துகளை, முன்னோக்கிச் செல்லும் நேர்மறை ஆற்றல் துகளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உமிழ்தலும் உறிஞ்சுதலும் இடம் மாறும், அவ்வளவுதான். தனித் துகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் அத்துகளைக் கொண்டு செய்தி அனுப்ப முடியும் என்றால், நேற்றைக்கே ஒரு தந்தி அனுப்ப முடியும் என்ற முரண் மீண்டும் தலைதூக்குகிறது. பெரும்பாலான இயற்பியலாளர்கள் அந்த விடையை முழுமையாக ஏற்கவில்லை.

1967இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் இதே துகள்களைக் குவாண்டம் புலக் கோட்பாட்டில் வைத்து ஆராய்ந்தார். விரைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இட்ட 'டேக்கியான்' என்ற பெயர் நிலைத்தது. பெயரோடு புகழின் பெரும்பகுதியும் அவரிடம் சென்றது. ஐந்தாண்டு முன்னர் எழுதப்பட்ட கட்டுரைக்குப் பெயரில்லாமற் போனது ஒரு காரணமாக இருக்கலாம். 'ஸ்டார் டிரெக்' தொடர்களில் டேக்கியான் என்ற சொல் எதற்கெடுத்தாலும் வரும் மருந்தாகிவிட்டது. அதன் முதல் கணக்கைப் போட்ட மூவரில் இருவர் இந்தியர் என்பது அத்தொடர்களைப் பார்ப்போரில் பலருக்குத் தெரியாது.

துகளைத் தேடவும் செய்தனர். மின்னூட்டமுள்ள டேக்கியான் வெற்றிடத்திலேயே ஒளியைச் சிந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் டார்ஸ்டன் ஆல்வேகரும் மைக்கேல் கிரைஸ்லரும் 1960களின் இறுதியில் சோதனை நடத்தினர். எதுவும் கிடைக்கவில்லை. 2011 செப்டம்பரில் ஓபரா குழுவினர், செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு நியூட்ரினோக்கள் ஒளியை விட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக அறிவித்தபோது, ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற தலைப்புகள் உலகெங்கும் வந்தன. 2012இல் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி வடமே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. அக்குழு தன் ஐயத்தை மறைக்காமல் வெளியிட்டுப் பிறரைச் சரிபார்க்க அழைத்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

சுதர்சன் 1984 முதல் 1991 வரை சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அல்லாடி இராமகிருஷ்ணன் அந்நிறுவனத்தைத் தொடங்கியதும் 1962ஆம் ஆண்டில்தான். சுதர்சன் 2018இல் மறைந்தார். நோபல் பரிசு கிடைக்காதது குறித்து எழுதப்படும் அளவுக்கு அவருடைய இந்தக் கேள்வியைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லை.

புழுத்துளை

கதைகளின் மூன்றாவது தந்திரமான வளைந்த வெளிக்கும் கணிதம் உண்டு. 1935இல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் ஒரு பாலத்தைச் சமன்பாட்டில் கண்டனர். கிள்ளையை அடுத்த பிச்சாவரம் சதுப்புக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாலை வழியே சுற்றிப் போகிறவர் எவ்வளவு விரைந்தாலும், அலையாத்தி மரங்களுக்கு இடையே ஓடும் குறுக்கு வாய்க்காலை அறிந்த படகோட்டி துடுப்பை மெல்ல வலித்தே முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். அவர் சாலை வேகத்தை மீறவில்லை. அவருடைய தொலைவு குறைவு. புழுத்துளை என்பது அத்தகைய வாய்க்கால்.

வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கும் சிக்கல். 1985இல் 'காண்டாக்ட்' புதினத்தை முடித்துக்கொண்டிருந்த கார்ல் சேகன், தம் கதாநாயகியை விண்மீனுக்கு அனுப்ப ஏற்ற வழி கேட்டு இயற்பியலாளர் கிப் தார்னை அணுகினார். அதிலிருந்து பிறந்த கணக்கைத் தார்னும் மைக்கேல் மாரிசும் 1988இல் வெளியிட்டனர். அது வந்ததும் சுதர்சன் குழுவினரின் கட்டுரை வந்த அதே இதழில். இயற்பியல் ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் அந்த இதழ்தான் இவ்விரு துணிச்சலான கட்டுரைகளுக்கும் இடம் தந்தது. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சவுத்ரி 1955இல் தந்த சமன்பாட்டின்படி, இயல்பான பொருளின் ஈர்ப்பு ஒளிக்கதிர்களைக் குவிக்கும். ஒரு துளை திறந்தே இருக்க வேண்டுமானால் அதற்குள் நுழைந்த கதிர்கள் மறுபுறம் விரிந்து வெளியேற வேண்டும். அதற்கு எதிர்மறை ஆற்றலுள்ள பொருள் வேண்டும். மிகெல் அல்குபியெரே 1994இல் கணித்த வளைவுப் பயணத்திற்கும் அதே பொருள்தான் வேண்டும். அப்படிப்பட்ட பொருள் பயணத்திற்குத் தேவையான அளவில் எங்கும் கிடைக்கவில்லை. வழியின் கேள்வி மறுபடியும் ஆற்றலிடமே வந்து நின்றது.

கதிராகச் செல்லும் மின்சாரம்

அசிமோவின் 'ரீசன்' சிறுகதை 1941இல் வெளிவந்தது. சூரியனுக்கு அருகே இயங்கும் ஒரு நிலையம் ஆற்றலைத் திரட்டிக் கோள்களுக்குக் கதிராக அனுப்புகிறது. அதை நடத்தும் இயந்திர மனிதனுக்குப் பூமி என்ற ஒன்று இருப்பதிலேயே நம்பிக்கை இல்லை. ஆனாலும் கதிரைச் சற்றும் விலகாமல் நிறுத்திவைக்கிறது. கதிர் சிறிது விலகினால் பெறுமிடம் எரிந்துபோகும் என்பதை அசிமோவ் அப்போதே கதையின் முடிச்சாக்கியிருந்தார்.

1968இல் பீட்டர் கிளேசர் இதை ஒரு பொறியியல் திட்டமாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1970களில் அமெரிக்க அரசு செய்த ஆய்வில் கணக்கு தெளிவானது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நுண்ணலையாக அனுப்பினால், கதிர் விரிந்துகொண்டே வரும். அனுப்பும் வட்டு ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்தாலும் தரையில் பெறும் பரப்பு பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும். இது திறமைக்குறைவால் வருவதன்று, அலையின் இயல்பு. 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 30 கிலோவாட்டுக்கு மேற்பட்ட திறன் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு கடத்தப்பட்டது. 1983இல் ஜப்பானியர் ஓர் ஏவூர்தியின் பிரிந்த இரு பகுதிகளுக்கு இடையே நுண்ணலையை அனுப்பிப் பார்த்தனர். 2023இல் கால்டெக் ஆய்வாளர்கள் விண்ணில் ஓர் அடித் தொலைவுக்கு அனுப்பி இரண்டு சிறு விளக்குகளை எரியவைத்தனர்.

இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் பதவிக்குப் பின் இத்திட்டத்தைத் தொடர்ந்து வலியுறுத்தினார். 2010 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்துடன் இணைந்து விண்வெளிச் சூரிய மின்சாரத்திற்கான கூட்டு முயற்சி ஒன்றை அறிவித்தார். எரிபொருள் தீர்ந்துபோகும் நாட்டின் கவலை அதில் இருந்தது. திட்டத்தின் செலவைக் குறைக்க ஏவூர்திகள் மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டும் என்றும் அவர் கூறிவந்தார். அம்முயற்சி விண்ணுக்கு எதையும் கொண்டுசேர்க்காமலே நின்றது.

தரையில் மின்சாரம் எப்போதும் கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியதும் அதே 1962ஆம் ஆண்டுதான். பழுப்பு நிலக்கரி தோண்டிய இடத்திலேயே எரிந்தது. ஊர்களுக்குப் போனது கம்பி. விண்ணிலும் முதலில் வென்றது கம்பிதான்.

இணைப்பும் நான்கு நிமிடமும்

1969 சனவரியில் சோவியத் நாட்டின் சோயுஸ் 4, சோயுஸ் 5 கலங்கள் விண்ணில் ஒன்றோடொன்று பொருந்தி மின்சுற்றுகளை இணைத்துக்கொண்டன. சோவியத் செய்திகள் அதை முதல் சோதனை விண்நிலையம் என்றே குறிப்பிட்டன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அமெரிக்கப் பகுதியும் உருசியப் பகுதியும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இயங்குவதால், இடையில் மாற்றிகள் வைத்து மின்சாரம் பகிரப்படுகிறது. 2007இல் எண்டவர் விண்ணோடம் நிலையத்தில் பொருந்தி நின்றபடி அதன் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் பெற்றது. விண்ணோடங்கள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் செலவழித்து மின்சாரம் ஆக்குபவை. கையிருப்பு தீர்ந்தால் திரும்பியாக வேண்டும். நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்ததால் அங்கே தங்கும் நாட்களைக் கூட்ட முடிந்தது. கதைகளில் ஒரு நிலையம் இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பதற்கு மிக அருகில் வரும் மெய்ந்நிகழ்வு இதுவே.

இந்தியாவின் முயற்சி ஸ்பேடெக்ஸ். 2024 திசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி60 ஏவூர்தி ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. இணைப்பு முயற்சி சனவரியில் இருமுறை தள்ளிப்போனது. சனவரி 12 அன்று இரண்டும் மூன்று மீட்டர் இடைவெளி வரை நெருங்கிப் பின் விலக்கிக் கொண்டுவரப்பட்டன. சனவரி 16 அன்று பொருந்தின. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற அதே வாரம் அது. அமெரிக்கா, உருசியா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா.

மார்ச் 13 அன்று கலங்கள் பிரிக்கப்பட்டன. ஏப்ரல் 20 அன்று மீண்டும் பொருந்தின. மறுநாள்தான் மின் பரிமாற்றம் நடந்தது. ஒரு கலத்தின் மின்சாரத்தைக் கொண்டு மற்றொன்றிலுள்ள ஒரு சூடேற்றி இயக்கப்பட்டது. பிறகு திசை மாற்றப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம் சுமார் நான்கு நிமிடம். ஒரு வீட்டின் வெந்நீர்க் கருவியைப் போன்ற எளிய வேலை. ஆனால் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றும் இரு பொருள்கள் முனைக்கு முனை சரியாகப் பொருந்தாமல் அது நடக்காது.

இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதிக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அப்பகுதியை 2028இல் ஏவவும், முழு நிலையத்தை 2035இல் இயக்கத்துக்குக் கொண்டுவரவும் திட்டமிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக ஏவப்பட்டு, மேலே ஒன்றோடொன்று பொருந்தி, மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டாக வேண்டும்.